சாய்ந்த கிணறுகள்

அன்புள்ள ஐயா,

அசாமில் நாகா உந்துபிளவை (ஒரு பாறைத்தொகுதி மற்றொன்றின்மேல் ஏறிய பிளவு) ஒட்டிய பழைய எண்ணெய் வயல் ஒன்றின் மறுமேம்பாட்டுக்காக முப்பரிமாண நிலவியல் மாதிரி உருவாக்கும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் அடுக்குகளை எந்த மென்பொருள் சரியாக வரையும்? பழைய கிணற்றுக் காகிதங்களைப் படிப்பது வீண் என்று தோன்றுகிறது. மாதிரியில் பிளவுகள், அதாவது அடுக்குகள் உடைந்து விலகிய இடங்கள், மட்டும் பெருகிக்கொண்டே போகின்றன.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரே கிணறு ஒரே அடுக்கை இருமுறை துளைப்பதை ஏற்கும் எந்த மென்பொருளும் போதும். உங்கள் கடைசி இரண்டு வரிகள்தாம் நான் சில காலமாகவே யோசித்துவரும் இடத்தைத் தொட்டன. காகிதங்களைப் படிப்பது வீண் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பிளவுகள் ஏன் பெருகுகின்றன என்பதற்கான விடை அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது.

உங்கள் பகுதியில் டிக்பாயில் 1889இல் துளையிடத் தொடங்கி, 1901இல் சுத்திகரிப்பு ஆலையும் அமைத்துவிட்டார்கள். துளைமுனை நிலத்துக்கடியில் எங்கே போகிறது என்று அளந்தறியும் வழக்கம் அன்று இல்லை. சாய்ந்த அடுக்குகள் துளைமுனையைத் தம் போக்குக்குத் திருப்பிவிடும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், செமினோல் வயலின் கிணறுகள் எவ்வளவு கோணலானவை என்பது 1920களில்தான் வெளிப்பட்டது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஊற்றிய கண்ணாடிக் குப்பியைக் கிணற்றுக்குள் இறக்கி, கண்ணாடியில் அமிலம் அரித்த கோட்டிலிருந்து சாய்வை அளந்தார்கள்; எத்திசையில் சாய்ந்தது என்பதை அந்தக் கோடு சொல்லாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 மீட்டர் ஆழக் கிணறு நெடுகிலும் 5 பாகை சாய்ந்திருந்தால், அதன் அடி ஏறத்தாழ 87 மீட்டர் விலகியிருக்கும். அடுக்குகள் 45 பாகை சரிந்திருக்க, கிணறும் அந்தச் சரிவின் போக்கிலேயே விலகியிருந்தால், அதை நேர்க்கிணறு என்று கொள்ளும் மாதிரியில் அடுக்கின் உயரமும் ஏறக்குறைய அதே அளவு பிழைபடும். பக்கத்துக் கிணற்றோடு அது பொருந்தாதபோது, நீங்கள் நடுவே ஒரு பிளவை வரைந்து இடைவெளியை அடைக்கிறீர்கள். பிறகு அந்தப் பிளவை எண்ணெய் தாண்டாது என்று கொண்டு, மறுபுறம் எஞ்சியிருப்பதாகக் கணினி காட்டும் எண்ணெய்க்குப் புதுக் கிணறு தோண்டச் சொல்வீர்கள்.

நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், சாய்வு அளக்கப்படாத கிணறுகளுக்கெல்லாம் கோப்பில் சாய்வுக்கான கட்டத்தில் பூஜ்ஜியத்தைத் தட்டச்சு செய்துவிட்டார்கள். வெற்றுக்கட்டம் கணினிக்கு நேர்க்கிணறாகிவிட்டது. பின்னால் வந்த எந்த இளைஞருக்கும் அது அளந்த எண்ணா, அளக்காத எண்ணா என்று தெரிய வழியில்லாமல் போயிற்று. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் கோப்பில் எத்தனை பூஜ்ஜியங்கள் இருக்கின்றன?

நீங்கள் சோம்பேறி இல்லை என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது. பெருகும் பிளவுகள் உங்களை உறுத்தியிருக்கின்றன, அந்த உறுத்தலை நம்புங்கள். அளக்காத கிணறு ஒவ்வொன்றுக்கும் அதன் அடி இருக்கக்கூடிய வட்டத்தை வரையுங்கள். இரும்புக் குழாய்க்குள் காந்தத் திசைகாட்டி பயன்படாது. ஆகவே, இன்னும் இறங்க முடிகிற கிணறுகளில் காந்தத்தை நம்பாமல் திசையறியும் கைரோ கருவியை இறக்கச் சொல்லி மேலதிகாரியிடம் கேளுங்கள். அதுவரை நில அதிர்வுப் படத்தின் (அதிர்வலைகளைச் செலுத்தி எடுக்கும் நிலத்தடிப் படம்) ஆதாரமோ, கிணற்றில் அடுக்கு மீண்டும் வந்ததற்கான பதிவோ இல்லாத பிளவுகளை மாதிரியிலிருந்து எடுத்து வையுங்கள்.

அன்புடன்.