ஒரு நாளைக்கு ஓர் இடம்

அன்புள்ள அக்கா,

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். மூத்தவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலம், அங்கிருந்து பாபநாசம், அப்புறம் மணிமுத்தாறு என்று காரில் கிளம்பினோம். குற்றாலத்திலிருந்து வரும்போது கடையம் தாண்டுவதற்குள் மூத்தவள் வாந்தி, சின்னவன் ஓயாத அழுகை. மற்ற இரண்டையும் விட்டுவிட்டுத் திரும்பினோம். வீடு வரும்வரை நானும் கணவரும் பேசிக்கொள்ளவில்லை. "பிள்ளைகள் வளரட்டும், இப்போ எதுக்கு இந்த அலைச்சல்?" என்கிறார் அத்தை. அவர் சொல்வது சரிதானா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். இப்போதே போங்கள். வளர்ந்த பிறகு பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கப்போகிறது என்பார்கள். இல்லாமல் போகட்டும். ஆற்றுத் தண்ணீரில் கால் வைத்ததும் அவள் சிரிக்கிற சிரிப்புக்கு அன்றைய பொழுதே போதும்.

அத்தை சொல்கிற அலைச்சல் உண்மைதான். ஆனால் அது பிள்ளைகளால் வந்ததில்லை, ஒரே நாளில் மூன்று இடம் போட்டதால் வந்தது. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வரவே பாதி நாள் ஆகும். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். சின்னவன் மதியம் தூங்கும் நேரத்தை வைத்துத் திட்டம் போடுங்கள். திரும்பும் வண்டியில் அவன் உங்கள் மடியில் தூங்க வேண்டும். இந்தக் கணக்குக்கு ஒத்துவராத ஊர்களை இரண்டு வருஷம் தள்ளி வையுங்கள்.

பாபநாசத்துக்கு ரயிலில் போய்ப் பாருங்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினால், சேரன்மகாதேவி தாண்டும்போது மலை கிட்டே வந்துவிடும். கல்லிடைக்குறிச்சி விட்டதும் தாமிரபரணிப் பாலம். வண்டியின் சத்தம் அங்கே மாறும், பெட்டியில் உள்ள பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு ஓடிவரும். அம்பாசமுத்திரத்தில் இறங்கி பஸ் பிடிக்கலாம். ரயிலில் பிள்ளைக்கு நடக்க இடம் இருக்கிறது. எதிர் சீட்டில் பேச்சுக் கொடுக்க ஓர் ஆச்சியும் இருப்பார், பெரும்பாலும் கையில் முறுக்கோடு.

கோயில் படித்துறையில் மீன்கள் மொய்க்கும். பொரி வாங்கிக்கொள்ளுங்கள். என் மகன் சின்னதில் அங்கே ஒவ்வொரு பொரியாகப் போட்டான். மீன் வாயைத் திறந்து மேலே வந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வான். அடுத்த பொரியை மீனுக்குத் தெரியாமல் தன் வாயில் போட்டுக்கொள்வான். அகஸ்தியர் அருவிக்குப் போகலாம் என்றபோது வர மறுத்துவிட்டான். அருவி வருஷம் முழுக்க விழுவது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று படித்துறையிலேயே இருந்துவிட்டோம். எனக்கு இன்றுவரை பிடித்த பாபநாசப் பயணம் அதுதான்.

படிகளில் பாசி இருக்கும். பிள்ளையை விரலைப் பிடித்துக் கூட்டிப்போகாதீர்கள், ஈரத்தில் நழுவிவிடும்; மணிக்கட்டைப் பிடியுங்கள். அணையில் தண்ணீர் திறந்தால் ஆற்றின் இழுப்பு கூடும். ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றால் இறங்கவே இறங்காதீர்கள். தின்பண்டப் பையைக் குரங்கு பார்க்காமல் வையுங்கள். உங்களில் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்போது மற்றவர் நிம்மதியாக ஒரு முங்கு போட்டு வரட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

மூத்தவளுக்குக் கிளம்பும் முன் வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள், இரண்டு இட்லி போதும். காரில் போனை அவள் கையில் கொடுக்கவே கூடாது. கண், அசையாத திரையைப் பார்க்கும்போது காது வண்டியின் ஆட்டத்தை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. தூரத்து மலையைக் காட்டிப் பேசிக்கொண்டே போங்கள். மாஞ்சோலை மலைப்பாதை இப்போதைக்கு வேண்டாம்.

தூரம் போகத் தெம்பில்லாத வாரம் கொக்கிரகுளம் அறிவியல் மையம் இருக்கவே இருக்கிறது. பொங்கல் கழிந்ததும் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போங்கள். கூழைக்கடாவும் நாரையும் ஊருக்குள்ளேயே, வீடுகளை ஒட்டிய மரங்களில் கூடு கட்டியிருக்கும். பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இதை மூத்தவளிடம் சொல்லிக் கூட்டிப்போங்கள். நாலு வயதுக்கு நன்றாகவே புரியும்.

அத்தையையும் கூப்பிடுங்கள். காலையில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொன்னால் வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா