நில அதிர்வுக்கு அப்புறமும் டேங்குகள் இடியாமல் நின்றால் ரசாயன ஆலை பாதுகாப்பாக இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால் ஏதோ ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறீர்கள், "டேங்க் எல்லாம் நிற்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இதையேதான் எங்கள் மேலாளரும் என்னிடம் சொன்னார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

திரவ ரசாயனங்களைச் சேமிக்கும் இடத்தில் 19 வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். ஒரு நாள் மதியம் தரை ஆடியது. பெரிய அதிர்வு இல்லை, அலமாரிக் கண்ணாடிகூட உடையவில்லை. எல்லாரும் வெளியே கூடினோம், பத்தே நிமிடத்தில் "சரக்கு இறக்க லாரிகள் நிற்கின்றன, பம்ப்பைப் போடுங்கள்" என்று உத்தரவு வந்தது. ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். டொலுவீன் என்ற, எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் இருந்த டேங்கை நெருங்கும்போதே தின்னர் வாடை அடித்தது. டேங்கில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அடியில் குழாய் வந்து சேரும் பிளாஞ்சை, அதாவது போல்ட் போட்டு இறுக்கிய வளைய இணைப்பைச் சுற்றி பெயிண்ட் வளையமாக வெடித்திருந்தது, கீழ் போல்ட்டின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து சரளைக்கல் நனைந்து கறுத்திருந்தது. அது டேங்குக்கும் முதல் வால்வுக்கும் நடுவில் இருக்கும் பிளாஞ்ச், எந்த வால்வை மூடினாலும் கசிவு நிற்காது. லாரியிலிருந்து ஏற்றியிருந்தால் சொட்டு பீய்ச்சலாக மாறியிருக்கும். அதைவிட மோசம், கசிந்தால் வெளியே ஓடாமல் இருக்க டேங்கைச் சுற்றிக் கட்டிய தடுப்புச் சுவரின் வடிகால் வால்வு. முந்தின நாள் மழைத்தண்ணீரை வெளியேற்றத் திறந்தவர்கள் மூடவே இல்லை. கசிவது எல்லாம் நேராக வெளிக் கால்வாய்க்குப் போயிருக்கும். முதலில் ஓடிப்போய் அதை மூடினேன். அப்புறம் பொறி பறக்காத ஸ்பானரால் போல்ட்டுகளை இறுக்கி, சரக்கைப் பக்கத்து டேங்குக்கு மாற்றி முடிக்க இரவாகிவிட்டது.

காரணம் சிக்கலானது இல்லை. ஆட்டத்தில் உள்ளே இருக்கும் திரவம் அலையடிக்கும், டேங்கின் ஒரு விளிம்பு லேசாகத் தூக்கி உட்காரும். குழாயோ தரையில் ஊன்றிய தாங்குகாலில் இறுக்கிக் கட்டப்பட்டது, கூடவே அசையாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது பிளாஞ்சுக்குள் கசிவை அடைக்கும் அந்த கேஸ்கட் வளையம்தான்.

பெரிய அதிர்வுகளிலும் "நிற்கிறது" என்ற பேச்சை நம்ப முடியாது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் சிபாவில், பரிசோதனைக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்த ஒரு எல்பிஜி டேங்க் முதல் அதிர்வைத் தாங்கி நின்றது. ஆனால் கால்களுக்கு நடுவே இருந்த குறுக்குக் கம்பிகள் அப்போதே விட்டுப்போயிருந்தன. அரை மணி நேரத்தில் வந்த பின்னதிர்வில் சாய்ந்து குழாய்களை உடைத்தது, கசிந்த வாயு தீப்பிடித்தது. அங்கே இருந்த 17 டேங்குகளும் நாசம், தீ அணைய பத்து நாள் ஆனது. 2003இல் அதே ஜப்பானின் தொமகொமாயில், திரவத்தின் மேல் மிதக்கும் கூரை மூழ்கிப்போன ஒரு நாப்தா (பெட்ரோல் போன்ற எண்ணெய்) டேங்க் தீப்பிடித்தது அதிர்வுக்கு இரண்டு நாள் கழித்து. 1999இல் துருக்கியின் யாலோவாவில் 6,000 டன்னுக்கு மேல் அக்ரிலோநைட்ரைல் என்ற நச்சு ரசாயனம் வெளியேறியது, அங்கே தடுப்புச் சுவரே விரிசல் விட்டுவிட்டது. அதே பூகம்பத்தில் இஸ்மித் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாயும் உடைந்ததால் அங்கே பிடித்த தீயை அணைக்கத் தண்ணீர் இல்லை.

விதிமுறைப்படி கட்டினால் இதெல்லாம் வராது என்று பொறியாளர்கள் யாராவது சண்டைக்கு வரலாம். நான் டிசைன் படித்தவன் இல்லை, விதிமுறையைக் குறை சொல்லவும் இல்லை. எங்கள் டேங்கும் விதிமுறைப்படி கட்டியதுதான், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. திறந்து கிடந்த வால்வைத்தான் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அன்று தலை எண்ணியபோது கணக்கு சரி என்றார்கள். சுற்று வரும்போது பார்த்தால் பெயிண்ட் அடிக்க வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் நான்கு பேர் அதே டொலுவீன் டேங்கின் பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயரே இல்லை, அதனால் யாரும் தேடவில்லை. லாரியை நிறுத்தி வைத்ததற்கு எனக்கு மெமோ வந்தது, இந்த நான்கு பேரை விட்டதற்கு யாருக்கும் ஒன்றும் வரவில்லை. மறுநாள் நானே வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினேன். உள்ளே போகும் ஒவ்வொருவர் பெயரும் அதில் ஏறும், வெளியே வந்தால்தான் அழியும்.