குடும்ப வருமானம் குறைந்தால் மாணவர்களின் மதிப்பெண் குறையுமா? பள்ளிக்கு வசதி செய்து கொடுத்தால் சரியாகிவிடாதா?

குறையும். பள்ளிக்கு வசதி செய்தால் கொஞ்சம் சரியாகும், முழுதாக ஆகாது. நீங்கள் இதை வைத்துக் கட்டுரை எழுதும் கல்லூரி மாணவர் போலத் தெரிகிறது, அதனால் என் கதையையே சொல்கிறேன்.

எங்களுக்கு ஊத்தங்கரைப் பக்கம். அங்கே மாசி, பங்குனிதான் புளி சீசன், பிளஸ் டூ பரீட்சையும் சரியாக அப்போதுதான் வரும். 2011இல் நான் எழுதியபோது அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். அம்மா வியாபாரியிடம் புளி மூட்டை வாங்கி வந்து போடுவார். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளி விட்டு வந்து நானும் தங்கையும் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு பத்தாகிவிடும். சுத்தி பட்ட விரலில் புளி ஏறினால் எப்படி எரியும் தெரியுமா, அந்த விரலால்தான் பேனா பிடிக்க வேண்டும். வேதியியல் பரீட்சைக்கு முந்தின நாள்கூட ஒரு மூட்டை பாக்கி இருந்தது.

என் பெஞ்சிலேயே ஒரு வாத்தியார் வீட்டுப் பெண் இருந்தாள். லேப்பில் நாற்பது பேருக்கு மூன்று பியூரெட் (திரவத்தை அளந்து சொட்டு சொட்டாக விடும் கண்ணாடிக் குழாய்), அதில் ஒன்று ஒழுகும், அந்தக் குறை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவள் 1200க்கு 1100ஐத் தாண்டினாள், நான் 871. அம்மாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள், அந்தக் கூலியில்தான் நாங்கள் சாப்பிட்டோம். ஏழைப் பிள்ளைகள் முதல் மார்க் எடுக்கவில்லையா என்றும் கேட்பீர்கள். எடுக்கிறார்கள், எனக்கும் பெருமைதான், ஆனால் அந்த ஒருவரைக் காட்டி மற்ற முப்பத்தொன்பது பேரையும் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

அமெரிக்காவில் 1966இல் வந்த கோல்மன் அறிக்கை என்ற பள்ளிக் கல்வி ஆய்வும் பள்ளி வசதியைவிடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப்போகிறது என்றது. அதற்காகப் பள்ளிக்குச் செலவு வேண்டாம் என்று அர்த்தமில்லை. 2022இல் நம் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கொண்டுவந்தது எனக்குப் பிடித்ததே, அது வீட்டுச் சுமையில் கை வைப்பதால்தான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பஸ் பாஸ் பிள்ளைகள் நின்றால் எங்கள் ஸ்டாப்பில் டவுன் பஸ்ஸை நிறுத்தவே மாட்டார்கள். கையைக் காட்டிக்கொண்டே பின்னால் ஓடியிருக்கிறோம். முதல் பீரியட் கணக்கு, அந்த வருடம் வாரத்தில் இரண்டு நாளாவது எனக்கு அது போய்விடும்.