தெப்பத்தில் இருந்த கருங்கல்

அன்புள்ள ஐயா,

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். உயர்கல்வியில் தொழில்நுட்பப் பயன்பாடும் கற்பித்தல் தரமும் என்ற தலைப்பில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டக் கல்லூரிகளில் 300 மாணவர்களுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி, ‘ஸ்மார்ட் போர்டில் நடத்தினால் பாடம் நன்றாகப் புரிகிறது’ என்பது போன்ற 40 வாக்கியங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வாங்கினேன். முக்கால்வாசிப் பேர் நான்கும் ஐந்தும் போட்டிருக்கிறார்கள். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் இன்டர்னல் தேர்வில் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கைடு, ‘டேட்டா வந்தாச்சு, அத்தியாயத்தை எழுதுங்கள்’ என்கிறார். இந்த ஆய்வுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

இந்தச் சந்தேகம்தான் உங்கள் ஆய்விலேயே நல்ல பகுதி. அதை விட்டுவிடாதீர்கள். 300 பேரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் புரிந்ததா என்று மாணவரிடமே கேட்டால் பிடித்ததா என்பதற்குத்தான் பதில் வரும், ஏனென்றால் புரியாதவருக்குத் தனக்குப் புரியவில்லை என்பதே பல நேரம் தெரியாது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் லூயி டெலோரியேவும் அவரது குழுவும் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வை அவசியம் படியுங்கள். இயற்பியல் மாணவர்களில் ஒரு பாதிக்கு அனுபவமுள்ள ஆசிரியர் சரளமாக விரிவுரை நடத்தினார், மறு பாதி அதே பாடத்தைச் சிறு குழுக்களாக உட்கார்ந்து கணக்குப் போட்டு முட்டி மோதிப் படித்தது. அடுத்த பாடத்துக்கு இடம் மாற்றினார்கள். தேர்வில் முட்டி மோதியவர்கள்தான் அதிகம் வாங்கினார்கள், ஆனால் ‘நிறையக் கற்றுக்கொண்டேன்’ என்று அதிகம் சொன்னவர்கள் விரிவுரை கேட்டவர்கள். உங்கள் கூகுள் ஃபார்முக்கும் இன்டர்னல் பேப்பருக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் இதுதான்.

அதே பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரை மாணவர்கள் நல்ல ஆசிரியர் என்றுதான் மதிப்பிட்டு வந்தார்கள். 1990 வாக்கில் விசை பற்றிச் சாதாரணமான சில கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார், அடிப்படையே பலருக்குப் புரியவில்லை. அப்புறம்தான் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு, எல்லோரையும் தனித்தனியாகப் பதில் சொல்லவைத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, மறுபடி கேட்கும் முறையைக் கொண்டுவந்தார்.

இதை நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு நண்பரின் வகுப்பில் நேரில் பார்த்தேன். கரும்பலகை, சாக்பீஸ், அவ்வளவுதான். ஹரித்ராநதிக் குளத்தில் ஒரு தெப்பம், அதன்மேல் பெரிய கருங்கல். கல்லைத் தள்ளிக் குளத்துக்குள் விட்டால் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? பதிலை ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டவேண்டும், அடுத்தவர் பார்க்கக்கூடாது. ஏறும் என்றுதான் பெரும்பாலான விரல்கள். ‘சரி, பக்கத்தில் பேசுங்கள்’ என்றார். ஐந்து நிமிடம் சந்தைக்கடை. அதுவரை தலைநிமிராத ஒரு பெண் பெஞ்சில் டப்பாவை வைத்து, கல் மேலே இருக்கும்போது தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்குகிறது, மூழ்கிய பிறகு தன் பருமன் அளவுக்குத்தான் ஒதுக்கும், அது குறைவு, அதனால் மட்டம் இறங்கும் என்று தோழிகளிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை கேட்டபோது பாதிக்கு மேல் விரல்கள் மாறின.

விரலுக்குப் பதில் பொத்தானை அழுத்தும் கிளிக்கர் கருவி இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமோ? கனடாவில் நத்தானியேல் லாஸ்ரி ஒரு வகுப்புக்குக் கிளிக்கரும் இன்னொன்றுக்குப் பதிலைத் தூக்கிக் காட்டும் அட்டையும் கொடுத்து 2008இல் எழுதினார்: கற்றதில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

நான் கருவிகளுக்கு எதிரி இல்லை. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற இலவச இணையப் பாடங்களை வேதாரண்யத்துப் பிள்ளை ராத்திரி திரும்பத் திரும்பக் கேட்கலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் 1983லேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் சொன்னார், மளிகை ஏற்றிவரும் லாரி சாப்பாட்டின் சத்தைக் கூட்டாது என்று. புதுக் கருவி வந்த வகுப்பு ஜெயித்தால், பெரும்பாலும் அங்கே பாடம் நடத்தும் முறையும் சேர்ந்து மாறியிருக்கும், பெயர் மட்டும் கருவிக்குப் போய்விடும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். உங்களிடம் இரண்டு செக்‌ஷன் இருந்தால், ஒரு பாடத்தை ஒன்றில் ஸ்மார்ட் போர்டிலும் மற்றதில் கரும்பலகையிலும் நடத்துங்கள், அடுத்த பாடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கேள்விகள் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். பாடத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தேர்வு, முடிந்து மூன்று வாரம் கழித்துச் சொல்லாமல் ஒரு தேர்வு. கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டு கைடை மறுத்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த 300 பதில்களையும் தூக்கிப்போட வேண்டாம். பிள்ளைகள் சொன்னது ஓர் அத்தியாயம், எழுதிக் காட்டியது அடுத்த அத்தியாயம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கைடே உட்கார்ந்து படிப்பார்.

தேய்மானத்தில், அதாவது வாங்கிய பொருளின் விலையை வருடாவருடம் செலவாகப் பிரித்து எழுதுவதில், தொடங்கலாம். போன வருடம் ரொக்கம் கொடுத்து டிராக்டர் வாங்கிய ஒருவர் இந்த வருடக் கணக்கில் 80,000 ரூபாய் தேய்மானம் எழுதுகிறார். அதனால் இந்த வருடம் அவர் கையைவிட்டு எவ்வளவு பணம் போனது? 80,000 என்று எத்தனை பேர் சொன்னார்கள், பக்கத்தில் பேசிய பிறகு எத்தனை பேர் மாறினார்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.