தீம் பார்க் போகிறோம், சிஸ்டர்!

பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றின் முதலுதவி அறையில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவர், விடுமுறைக்குக் கிளம்பும் பெற்றோரின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

வணக்கம் சிஸ்டர். மே லீவில் தீம் பார்க் போகலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. மாமியாரும் வருகிறார். டிக்கெட் விலையைப் பார்த்தால், காலையில் திறந்ததிலிருந்து மூடும்வரை இருந்தால்தான் கொடுத்த காசு செரிக்கும் போலிருக்கிறது. எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, பல்லாவரம்

அந்தக் காசுக் கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள் அம்மா. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் முதலுதவி அறைக்குத் தூக்கிக்கொண்டு வரப்பட்ட சின்னக் குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்கு நோய் என்று ஒன்றும் இருக்காது. தூக்கம், பசி, வெயில் மூன்றும் சேர்ந்திருக்கும். ஃபேனுக்குக் கீழே படுக்க வைத்து, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தால் அப்படியே தூங்கிவிடும். அப்பாதான் வாசலில் நின்று, "இன்னும் ஏழு ரைடு பாக்கி இருக்கு" என்று கையிலிருக்கும் மேப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உங்கள் நாளைச் சின்னவளின் கடிகாரப்படி போடுங்கள். வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். முதல் இரண்டு மணி நேரம் வெயிலும் குறைவு, வரிசையும் குறைவு. குடை ராட்டினம், குட்டி ரயில், மெதுவாகச் சுற்றும் யானை, விமானம் எல்லாம் அப்போதே முடியட்டும். அவளுக்கு ஒன்று பிடித்துப்போய் நான்கு தடவை அதிலேயே ஏறுகிறேன் என்றால் ஏறட்டும். மற்றவற்றைக் காட்டவில்லையே என்ற கவலை நமக்குத்தான், அவளுக்கு இல்லை.

மூத்தவனுக்குக் கொலம்பஸ், டாஷிங் கார் எல்லாம் வேண்டும். அதற்கு நீங்களும் வீட்டுக்காரரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அவனோடு ஏற, ஒருவர் சின்னவளோடு நிழலில் இருக்க வேண்டும். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் மாதிரி இடங்களில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவர் ஏறி இறங்கியதும் மற்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். நம் ஊரில் எல்லா இடத்திலும் இது கிடையாது. ஆனாலும் கூட்டம் குறைந்த நாளில் ரைடு ஆபரேட்டரிடம் கேட்டுப் பாருங்கள், குழந்தையைக் காட்டிக் கேட்டால் பலர் விட்டுவிடுவார்கள்.

பன்னிரண்டரைக்குள் சாப்பாடு. பெரும்பாலான பூங்காக்களில் வெளிச்சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. குழந்தைக்கான பால், பருப்புசாதம், தயிர்சாதம் என்றால் எவ்வளவு கொண்டுவரலாம் என்று முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். வாசலில் சண்டை போட்டுக்கொண்டு ஆரம்பிக்கிற நாள் நன்றாகப் போகாது. சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் சுற்றுகிற ரைடு எதுவும் வேண்டாம். மரத்தடியிலோ ஏசி ஹாலிலோ ஒரு துப்பட்டாவை விரித்து அவளைத் தூங்க வையுங்கள். தண்ணீர் விளையாட்டை வெயில் தாழ மூன்று மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பகுதியை எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்பதை மட்டும் காலையிலேயே கேட்டு வையுங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினாலும் அது முழு நாள்தான்.

வெயிலுக்கு மோரும் இளநீரும் தாராளமாகக் கொடுக்கலாம். பேதி, வாந்தி என்றால் மட்டும் ஓ.ஆர்.எஸ். பொடி. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் மொத்தப் பொடியையும் கரைக்க வேண்டும். அரை டம்ளருக்குக் கால் பாக்கெட் என்று கண் அளவில் போடக் கூடாது. அட்டைப்பெட்டியில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்கள் வேறு சங்கதி. அந்தப் பெயரை அவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடை போட்டது.

அப்புறம் உங்கள் மாமியார். பாட்டிகள் பலர் அந்த நாள் முழுக்கப் பை காத்தே கழிப்பதைப் பார்த்து எனக்கு மனசு ஆறாது. ஒரு லாக்கர் எடுத்துப் பையை அதில் போடுங்கள். அவரும் பேத்தியோடு குட்டி ரயிலில் உட்காரட்டும். புடவையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். விருப்பமிருந்தால் அவருக்கும் ஒரு நைலான் செட் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்டுத்தான் பாருங்களேன்.

என் மகனுக்கு ஆறு வயது, துறுதுறுப்பானவன், பயமே கிடையாது. போன தடவை உயரம் நாலு விரல் குறைகிறது என்று ரோலர் கோஸ்டரில் ஏற்றவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறேன் என்றாலும் கேட்கவில்லை. இவ்வளவு கறார் தேவையா?
– வாசகர், தாம்பரம்

தேவை, தம்பி. நாலு விரல் இல்லை, ஒரு விரல் குறைந்தாலும் தேவை.

ரைடு வாசலில் கரடி பொம்மை படம் போட்ட அளவுகோலை நிற்க வைத்திருப்பார்கள். அதன் கீழே பிள்ளைகள் நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குதிகால் மெல்ல எழும்பும், அப்பாவின் விரல் தாடையை மேலே தூக்கும், அம்மா தலைமுடியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டியிருப்பார். செருப்புக்குள் மடித்த கைக்குட்டைகூட இருக்கும். ஆபரேட்டர் பையன் ஒரு கையைப் பிள்ளையின் தலைமேல் வைத்து மெதுவாக அழுத்துவான், குதிகால் தரைக்கு வந்துவிடும். பின்னால் நிற்கிற வரிசை முழுக்க அவனைத் திட்டும். அவன் செய்வது சரி.

காரணத்தைச் சொல்கிறேன். பல ரைடுகளில் இரண்டு பேருக்கும் சேர்த்து மடிக்கு மேலே ஒரே கம்பி இறங்கும். அது பெரியவரின் தொடையில் முட்டியதும் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் ஒல்லிப்பிள்ளைக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழும். வண்டி சரிவில் இறங்கும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும், சின்ன உடம்பு அந்த இடைவெளி வழியாக நழுவிவிடும். தோள்மேல் இறங்குகிற கவசத்திலும் இதே கதைதான். உயரம் போதாத பிள்ளைக்கு அது தோளில் உட்காராமல் முகத்துக்கு நேரே நிற்கும். வண்டி வேகத்தில் திரும்பும்போது பிள்ளையின் எடை பல மடங்காக இழுக்கும், எந்த அப்பாவின் கையும் அதைத் தாங்காது. தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டிக்கெட் எடுக்கும் முன்பே வீட்டுச் சுவரில் பென்சிலால் அளந்து, பூங்காவின் இணையதளத்தில் எந்த ரைடுக்கு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். குழந்தை டிக்கெட்டையே பல இடங்களில் வயதை வைத்துக் கொடுப்பதில்லை, உயரத்தை வைத்துத்தான். "இந்த மூன்றில் நீ ஏறலாம், அந்த இரண்டுக்கு அடுத்த வருஷம்" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டால் வரிசையில் அழுகை வராது. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா திறந்த பிறகு நம் ஊர்ப் பிள்ளைகளும் பெரிய கோஸ்டர்களை ஏக்கத்தோடு பார்க்கிறார்கள். ஆசை நியாயம்தான், உயரம் வரும்வரை பொறுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லி வையுங்கள். ரைடு பாதியில் நின்றால் யாரும் பெல்ட்டை அவிழ்க்கக் கூடாது. 2025 மே மாதம் ஈ.சி.ஆரில் ஒரு ராட்டினம் உயரத்திலேயே நின்றுபோனது. தீயணைப்பு வீரர்கள் வந்து இறக்கும்வரை உள்ளே இருந்தவர்கள் இருக்கையிலேயே இருந்தார்கள், அத்தனை பேரும் பத்திரமாகக் கீழே வந்தார்கள்.

தண்ணீர்ப் பகுதிக்கு ஏன் நைலான் உடைதான் போட வேண்டும் என்கிறார்கள்? போய் வந்தால் பிள்ளைக்குக் கண் சிவக்கிறது. குளோரினை அள்ளிக் கொட்டுகிறார்களோ?
– வாசகி, வேலூர்

பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், பிள்ளையைக் கீழே இழுக்கும். அதன் நூலும் பிசிறும் வடிகட்டியில் போய் அடைக்கும். சறுக்கில் துணி ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றால் பின்னால் வருபவர் வந்து மோதுவார். அதனால்தான் நைலான், பாலியெஸ்டர்.

கண் எரிவதற்கும் அந்தக் குளோரின் வாடைக்கும் பெரும்பாலும் காரணம் குளோரின் அதிகமாகப் போட்டது அல்ல. தண்ணீரில் கலந்த வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகிற பொருள்தான் கண்ணை உறுத்துகிறது. எனவே இறங்கும் முன் எல்லோரும் ஷவரில் குளியுங்கள். பிள்ளையை மணிக்கொரு தரம் பாத்ரூமுக்கு அழைத்துப் போங்கள். நீச்சல் டயப்பர் மலத்தை ஓரளவு பிடிக்கும், சிறுநீரைப் பிடிக்காது. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளையை, அது நின்று இரண்டு வாரமாவது ஆகும்வரை இறக்காதீர்கள். சில கிருமிகள் குளோரின் நீரிலும் நாள்கணக்கில் சாகாமல் இருக்கும். அது மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

இதைவிட முக்கியமான ஒன்று வேவ் பூல். அலை வராதபோது முழங்கால் அளவு இருக்கிற இடத்தில், மணி அடித்து அலை கிளம்பியதும் மூன்று வயதுப் பிள்ளையின் முகம் மூழ்கும். நீரில் மூழ்கும் பிள்ளை கத்தாது, கையைத் தூக்கி ஆட்டாது. சத்தமே இல்லாமல் முடிந்துவிடும். உங்கள் கை எட்டும் தூரத்தில்தான் பிள்ளை இருக்க வேண்டும். ஊதிக் கட்டுகிற கைப்பட்டையை நம்பாதீர்கள், லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். கரையில் லைஃப் கார்டு இருக்கிறார் என்று போனைக் கையில் எடுக்காதீர்கள். அவர் கண்ணுக்கு முன்னால் நூறு தலைகள்.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால்?
– வாசகர், காஞ்சிபுரம்

காணும் பொங்கலன்று மெரினாவில் போலீசார் குழந்தைகளின் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே நீங்கள் செய்யுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் முன்கையில் நம்பரை எழுதுங்கள். தண்ணீரில் ஆடிய பிறகு அழிந்திருக்கும், மறுபடி எழுதுங்கள். வாசலில் நுழையும்போது அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என்ன கலர் சட்டை என்று கேட்டால் பதறிய நேரத்தில் எந்த அம்மாவுக்கும் ஞாபகம் வருவதில்லை.

பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் ஓட வேண்டியது தண்ணீர்ப் பக்கம். ஐஸ்கிரீம் கடையை அப்புறம் பார்க்கலாம். ஒருவர் தண்ணீருக்குப் போகும்போதே இன்னொருவர் பக்கத்திலிருக்கும் ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும். பூங்கா ஆட்கள் வாசல்களில் தகவல் சொல்லிவிடுவார்கள். வெட்கப்பட்டு நீங்களே தேடிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

ஐந்து மாதக் கர்ப்பம். மூத்த பிள்ளைக்காகப் போகிறோம். மெதுவான ரைடில் ஏறலாமா?
– வாசகி, செங்கல்பட்டு

குலுங்குவது, சுற்றுவது, சறுக்குவது, மோதுவது எதுவும் வேண்டாம். டாஷிங் கார்கூட வேண்டாம். நிழலும் தண்ணீரும் உட்கார இடமும் உங்களுக்கு முதலில்.

நாலு வயது மகள் வரிசையில் நிற்கும்வரை குதிக்கிறாள், ஏறப் போகும்போது அலறுகிறாள். "ஒரு தடவை ஏத்திட்டா பயம் போயிடும்" என்கிறார் கணவர்.
– வாசகி, திருவள்ளூர்

போகாது. வலுக்கட்டாயமாக ஏற்றிய பிள்ளை அன்று அதற்குப் பிறகு குட்டி ரயிலில்கூட ஏற மறுத்து அழுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். இன்னொரு ஆபத்தும் உண்டு. பயந்த பிள்ளை ஓடுகிற ரைடில் எழுந்து நிற்கப் பார்க்கும், கம்பிக்குக் கீழே நுழையப் பார்க்கும். ஏறும் இடத்துக்குப் பக்கத்திலேயே வெளியே போக வழி இருக்கும். "வேண்டாம் தம்பி, நாங்கள் போகிறோம்" என்று ஆபரேட்டரிடம் சொல்லி இறங்கிவிடுங்கள். வரிசையில் நின்ற நேரம் போனால் போகட்டும். பக்கத்தில் நின்று மற்ற பிள்ளைகள் இறங்கி வருவதை அவள் பார்க்கட்டும். அரை மணி கழித்து அவளாகவே கேட்டால் பார்க்கலாம், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். பிள்ளையின் முன்னால் "பயந்தாங்கொள்ளி" என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

நாங்கள் இருவரும் கூலி வேலைக்குப் போகிறோம். நாலு பேருக்கு டிக்கெட் என்றால் ஒரு வாரச் சம்பளம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேறு வழி உண்டா சிஸ்டர்?
– வாசகி, வியாசர்பாடி

உண்டு அம்மா. உங்கள் பகுதியிலிருந்து பக்கம்தான், தீவுத்திடல். பொங்கலை ஒட்டி அரசுப் பொருட்காட்சி போடும்போது போங்கள். நுழைவுக் கட்டணம் குறைவு, எந்த ராட்டினத்தில் ஏறுகிறீர்களோ அதற்கு மட்டும் காசு. ஆளுக்கு இரண்டு என்று முன்பே பேசிக்கொண்டு போகலாம். தற்காலிகமாக நிறுத்துகிற ராட்டினம் என்பதால் ஏறும் முன் ஒரு சுற்று வெறுமனே பாருங்கள். அடியில் கட்டைகள் ஆடுகிறதா, ஒயர் தரையில் திறந்து கிடக்கிறதா, ஆபரேட்டர் ஒவ்வொரு இருக்கையின் கம்பியையும் இழுத்துப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். அவன் இழுத்துப் பார்க்கவில்லை என்றால் அந்த ராட்டினம் வேண்டாம். கோ-கார்ட் என்கிற குட்டி ரேஸ் கார் இருந்தால் துப்பட்டாவும் பின்னலும் வெளியே தொங்கக் கூடாது, சக்கரத்தில் சிக்கி உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன.

பொருட்காட்சி இல்லாத மாதங்களில் கிண்டி சிறுவர் பூங்கா இருக்கிறது. மானும் பறவைகளும் ஊஞ்சலும் உண்டு. புளிசாதம் கட்டிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்று மட்டும் வேண்டாம்.