ரீமிக்ஸ் மேசை: வாசகர் கேள்விகள்

கேள்வி: சிறிய லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) ஒன்றின் புதிய ஹவுஸ் (கிளப் நடன இசை வகை) வெளியீட்டில் ஒரே பாட்டு ரேடியோ எடிட், எக்ஸ்டென்டட் மிக்ஸ், டப் என்று மூன்று வடிவில் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: கேட்பதற்கு மட்டும் என்றால் ரேடியோ எடிட் போதும், மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். டிஜேவுக்கு எக்ஸ்டென்டட் மிக்ஸ்தான் வேண்டும். அதன் தொடக்கத்திலும் முடிவிலும் 16 அல்லது 32 பார் (நான்கு பீட் கொண்ட தாளச் சுற்று) வரை பெரும்பாலும் தாளம் மட்டும் ஓடும். 124 பிபிஎம் (நிமிடத்துக்கு 124 பீட்) வேகத்தில் 32 பார் என்றால் ஏறக்குறைய 62 விநாடி. முந்தைய பாட்டின் பேஸை (அடித்தள ஆழ்ஒலியை) இறக்கி இதன் பேஸை ஏற்ற அந்த ஒரு நிமிடம்தான் இடம் தருகிறது. டப்பில் குரலைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, மிச்சச் சொற்களை எதிரொலியில் மிதக்க விட்டிருப்பார்கள். இந்த முறையும் பெயரும் ஜமைக்காவின் ரெகே இசையிலிருந்து வந்தவை. பலர் டப்பைத் தவிர்க்கிறார்கள். எங்களுக்கு அது வருத்தம்தான். இரண்டு குரல்கள் மோதாமல் பாட்டுகளை இணைக்க அதைவிட நல்ல துணை இல்லை.

கேள்வி: ரீமிக்ஸுக்காக வந்த குரல் 100 பிபிஎம். 124-க்கு இழுத்தால் குரல் உலோகம்போல் கரகரக்கிறது. என்ன தவறு?

பதில்: 24 சதவீதம் வேகம் கூட்டியிருக்கிறீர்கள். அவ்வளவு நெருக்கினால் வல்லின மெய்கள் தேய்ந்து, நீட்டிப் பாடிய உயிரெழுத்துகள் நடுங்கும். ரிவெர்ப் (அறை முழக்கம் போன்ற விளைவு) ஏற்றிய குரல் என்றால் அதன் வாலும் சேர்ந்து குழையும். ஆகவே முதலில் ரிவெர்ப் இல்லாத குரல் ட்ராக்கைக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு, முழுப் பாட்டையும் ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். வரிவரியாக வெட்டி, ஒவ்வொரு வரியின் முதல் அசையைப் பீட்டில் பொருத்துங்கள். வரிக்குள் வேகத்தை 8, 10 சதவீதத்துக்கு மேல் மாற்றாமல், மிச்சத்தை வரிகளுக்கு இடையிலுள்ள மூச்சு இடைவெளியில் ஈடுகட்டுங்கள். இடைவெளி போதாவிட்டால் ஒரு வரியை விட்டுவிடலாம். ஹவுஸுக்கு முழுச் சரணமும் தேவையில்லை, நல்ல வரி ஒன்று திரும்பத் திரும்ப வந்தாலே பாட்டு நிற்கும். மூலம் 66 பிபிஎம் மெல்லிசை என்றால் வேலை எளிது: அதை 132 என்று இரட்டித்து எண்ணினால் 124-க்கு 6 சதவீதம் குறைத்தால் போதும்.

மூலப் பாட்டு கிளிக் (பாடுவோரை ஒரே வேகத்தில் நிறுத்தும் டிக் ஒலி) இல்லாமல் பதிவானதா என்றும் பாருங்கள். அப்படியானால் வேகம் பாருக்குப் பார் அலையும். சராசரி பிபிஎம்மை நம்பினால் இரண்டாம் சரணத்தில் குரல் கிக்கைவிட்டு (பெரிய டிரம்மின் அடியைவிட்டு) விலகிப் போயிருக்கும்.

கேள்வி: ரீமிக்ஸ் செய்பவருக்கு ஸ்டெம்களை (குரல், டிரம், பேஸ் எனப் பாட்டின் தனித்தனி ஒலித்தடங்களை) எப்படி அனுப்புவது?

பதில்: 24 பிட் வேவ் கோப்புகளாக. எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து வர வேண்டும். குரல் மூன்றாம் நிமிடத்தில்தான் நுழைகிறது என்றாலும் அதற்கு முன்னுள்ள மௌனத்தை வெட்டாதீர்கள். எம்பி3 வேண்டாம். அந்த வடிவத்துக்கு மாற்றும்போது தொடக்கத்தில் துளி மௌனம் சேர்ந்துவிடலாம். கிக்கும் பேஸும் சற்றே விலகினாலும் அடி வலுவிழக்கும். கோப்பின் பெயரிலேயே பிபிஎம்மும் சுருதியும் இருக்கட்டும்.

கேள்வி: மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்புக்கு) அனுப்பும் மிக்ஸின் ஒலி உச்சம் மைனஸ் 6 டெசிபெல் கேட்கிறார்கள். வினைல் இசைத்தட்டும் வருமாம்.

பதில்: 6 என்பது கட்டாயமில்லை, உச்சம் டிஜிட்டல் ஒலியின் மேல் எல்லையான 0-ஐத் தொடாமலும், முழு மிக்ஸும் சேரும் மாஸ்டர் சேனலில் லிமிட்டர் (உச்சங்களை அமுக்கும் கருவி) இல்லாமலும் இருப்பதே முக்கியம். வினைலுக்கு ஆழ்ந்த பேஸ் முழுக்க மோனோவாக (இரு பக்கமும் ஒரே ஒலியாக) இருக்கட்டும். இடம் வலமாகப் பிரிந்த பேஸ் பள்ளத்தை மேலும் கீழுமாக வெட்டச் செய்யும், ஊசி துள்ளும். பக்கத்தின் நீளம் கூடினால் ஒலி அளவைக் குறைத்தே வெட்ட வேண்டிவரும்.

கேள்வி: ரீமிக்ஸுக்கு மூலப் பாட்டின் ஐஎஸ்ஆர்சி எண்ணே (ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணே) போதுமா?

பதில்: போதாது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனி 12 எழுத்து எண் வேண்டும். டப்புக்கு ஒன்று, ரேடியோ எடிட்டுக்கு இன்னொன்று. ஒரே எண்ணைப் போட்டால் இரண்டின் கேட்பும் ஒரே கணக்கில் கலந்துவிடும்.