கோ-ஒப்பில மகனுக்குக் கால் வெடிச்சுப் போச்சு, முதலாளி வெளியில சொல்லவேண்டாம் எண்டுறார்

கேள்வி: வணக்கம். ஸ்காபரோவில இருக்கிறம். மகனுக்கு வயசு 16, கிறேட் 11 படிக்கிறான். இந்த செமஸ்டர் பின்னேரம் முழுக்க கோ-ஒப், அதாவது ஸ்கூலே வேலையிடம் ஒண்டுக்கு அனுப்பிப் பழக்கிற பாடம், ரெண்டு கிறெடிட். கார் திருத்துற கராஜ் ஒண்டில நிக்கிறான், அது என்ர மனுசன்ர கூட்டாளி ஒராளின்ர கராஜ். மூண்டு கிழமைக்கு முந்தி ஒரு வியாழக்கிழமை ரிம்மோட கிடந்த ரயர் சரிஞ்சு விழுந்து கால்விரல் ரெண்டில எலும்பு வெடிச்சுப் போச்சு. சேஃப்டி சூ ஒண்டும் போட்டிருக்கேல்ல, போடச் சொல்லி ஒருத்தரும் சொல்லவும் இல்லையாம். முதலாளி உடன கோல் எடுத்து, "கராஜில நடந்தது எண்டு சொல்லாதேங்கோ, வீட்டில விழுந்தது எண்டு டொக்டரிட்டச் சொல்லுங்கோ, செலவு நான் பாக்கிறன்" எண்டார், நாங்களும் அப்பிடியே சொல்லிப்போட்டம். அதைவிட நாலு சனிக்கிழமை காசில்லாமல் வேலைக்குக் கூப்பிட்டவர். இப்ப அவன் அங்க போகமாட்டன் எண்டு நிக்கிறான். கோ-ஒப் ரீச்சர், வேற இடம் நீங்களே பிடியுங்கோ, இல்லாட்டி கோர்ஸை ட்றொப் பண்ணுங்கோ எண்டுறா. முறைப்பாடு செய்தால் கிறெடிட் போயிடுமோ? யூனிவேர்சிட்டிக்குப் போகேக்க ஏதும் பிரச்சினை வருமோ? இவர் வேற, கூட்டாளியோட பகைக்கவேண்டாம் எண்டு சொல்லுறார்.

பதில்: அக்கா, காலை முதல் பாப்பம், கிறெடிட் பிறகு. ஏனெண்டால் கிறெடிட் பிரச்சினையைப் பேசித் தீர்க்கலாம், காயத்தைப் பதியிறதுக்கு மட்டும் நாள் எண்ணுப்படுது, அதில ஏற்கனவே மூண்டு கிழமை போட்டுது.

ஒன்ராறியோவில ஸ்கூல் போர்ட் அனுப்பி சம்பளமில்லாமல் கோ-ஒப் செய்யிற பிள்ளைக்கு வேலையில காயம் வந்தால் டபிள்யூ.எஸ்.ஐ.பி, அதாவது மாகாணத்தின்ர வேலையிட விபத்துக் காப்புறுதிச் சபையின்ர காப்புறுதி இருக்கு. கன தாய் தேப்பனுக்கு இது தெரியாது, சில முதலாளிமாருக்கும் தெரியாது. மகன் அங்க போகமுதல் ஸ்கூலில இருந்து வேர்க் எடியூகேஷன் அக்ரீமென்ட் எண்டு ஒரு ஃபோர்ம் வந்திருக்கும், நீங்கள், மகன், கராஜ்காரர், ஸ்கூல் எல்லாரும் கையெழுத்து வைச்சிருப்பியள், அதைத் தேடி எடுங்கோ, இல்லாட்டி ஸ்கூலிட்டக் கொப்பி கேளுங்கோ. அந்த ஃபோர்ம் இருக்கிறபடியால் காப்புறுதி விசயத்தில மகன்ர முதலாளியாக் கணக்கெடுக்கிறது மாகாணக் கல்வி அமைச்சைத்தான், கராஜை இல்லை. சம்பளம் குடுக்கிற கோ-ஒப் எண்டால்தான் கராஜ்காரற்ற சொந்தக் காப்புறுதிக்குப் போகும். அதால உங்கட மனுசனுக்கு இதைச் சொல்லுங்கோ: கிளெய்ம் போடுறது கூட்டாளியின்ர பொக்கெற்றில கை வைக்கிற வேலை இல்லை.

இண்டைக்கே கோ-ஒப் ரீச்சருக்கும் பிறின்சிப்பலுக்கும் சேர்த்து ஒரு ஈமெயில் போடுங்கோ. ஃபோனில கதைச்சது காணாது, எழுத்தில இருக்கவேணும். எந்தத் திகதி, எத்தினை மணி, என்ன விழுந்தது, எந்தக் கால், ஆர் பக்கத்தில நிண்டது, எந்த டொக்டரிட்டப் போனது, அவ்வளவும் போதும், ஆரையும் திட்டி எழுதவேண்டாம். வைத்தியம் தேவைப்பட்ட காயம் எண்டு தெரிஞ்சால் முதலாளி தரப்பு 3 வேலைநாளுக்குள்ள ஃபோர்ம் 7 எண்ட அறிக்கையை அனுப்பவேணும், உங்கட விசயத்தில அதைப் பாக்கவேண்டியது ஸ்கூல் போர்ட். தொழிலாளி பக்கத்து ஃபோர்ம் 6, அதை மகனும் நீங்களும் நிரப்பி அனுப்புங்கோ, ஸ்கூல் அனுப்பட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. விபத்து நடந்த நாளில இருந்து 6 மாசத்துக்குள்ள கிளெய்ம் போடவேணும்.

டொக்டரிட்டப் பொய் சொல்லிப்போட்டம் எண்டு பயப்பிடுறியள், அது விளங்குது. அதே கிளினிக்குக்குத் திரும்பப் போய், காயம் கோ-ஒப் வேலையில வந்தது, முதலாளி சொல்லித்தான் வீட்டில நடந்தது எண்டு சொன்னனாங்கள் எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ. டொக்டர் ஃபைலில அதைப் பதிஞ்சுபோட்டு ஃபோர்ம் 8 நிரப்பி அனுப்புவார். டபிள்யூ.எஸ்.ஐ.பிக்குத் தெரிஞ்சுகொண்டு பொய் எழுதிறதுதான் குற்றம், நீங்கள் அவைக்கு இன்னும் ஒண்டும் எழுதேல்லத்தானே, அதால ஃபோர்ம் 6ல முதல் வரியில இருந்தே உண்மையை எழுதுங்கோ. கிளெய்ம் போடாமல் தடுக்க எண்டு முதலாளி ஒராள் மிரட்டுறதோ வேற நடவடிக்கை எடுக்கிறதோ டபிள்யூ.எஸ்.ஐ.பியின்ர காப்புறுதிச் சட்டத்திலேயே தடை, 22.1ஆம் பிரிவு. அவர் ரெக்ஸ்ட் மெசேஜில, வட்ஸ்அப்பில ஏதும் அனுப்பியிருந்தால் அழிக்காதேங்கோ, ஸ்கிறீன்ஷொட் எடுத்து வையுங்கோ.

"ரெண்டு விரல்தானே, மாறிடும்" எண்டு வீட்டில ஆரும் சொல்லுவினம். மாறட்டும். ஆனால் 16 வயசில வெடிச்ச எலும்பு வடிவாப் பொருந்தாமல் பிறகு நிண்டு செய்யிற வேலை ஒண்டும் ஏலாமல் போச்சு எண்டு வையுங்கோ, அண்டைக்கு டபிள்யூ.எஸ்.ஐ.பியிட்டப் போனால் அவை முதல் கேக்கிறது இண்டைய பதிவைத்தான்.

இனி முதலாளி ஏன் இவ்வளவு அவசரமா மறைக்கப் பாத்தவர் எண்டதுக்கு வாறன். காப்புறுதியால அவருக்கு நட்டம் இல்லை, ஆனால் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வேற. 2014 நவம்பர்ல இருந்து அந்தச் சட்டத்தில தொழிலாளி எண்டால் சம்பளமில்லாமல் கோ-ஒப் செய்யிற ஹைஸ்கூல் பிள்ளையும் அடக்கம், அதுக்கு முதல் காசு வாங்காட்டி நீ தொழிலாளி இல்லை எண்டு தட்டிக்கழிக்க இடமிருந்தது, இப்ப இல்லை. அதின்ர அர்த்தம் என்னெண்டால், மற்ற மெக்கானிக்குக்குக் குடுக்கவேண்டிய பயிற்சி, மேற்பார்வை எல்லாம் உங்கட மகனுக்கும் குடுக்கவேணும், அந்த வேலைக்குச் சூ தேவையெண்டால் சூ இல்லாமல் வேலையில விடக்கூடாது. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, நாலு படி எண்டு சொல்லுற அந்தச் சின்னக் கோர்ஸ், எல்லாத் தொழிலாளிக்கும் கட்டாயம், மகன் அதைச் செய்தவனோ, ஸ்கூலில செய்தவனோ எண்டு கேளுங்கோ.

இதில முக்கியமான ஒரு விசயம் இருக்கு. எக்ஸ்றேயில ரெண்டு விரலும் வெடிப்பு எண்டு வந்திருந்தால், அது வெறும் காயம் இல்லை. ஒரு கால்விரல் முறிஞ்சால் அது பாரதூரமான காயம் எண்ட வகைக்குள்ள வராது, ஒண்டுக்கு மேற்பட்ட விரல் முறிஞ்சு காயம் கடுமையானதா இருந்தால் வரும் எண்டுதான் தொழில் அமைச்சின்ர விளக்கம். அப்பிடி வந்தால் கராஜ்காரர் அமைச்சுக்கு உடன அறிவிச்சிருக்கவேணும், 48 மணித்தியாலத்துக்குள்ள எழுத்தில அறிக்கையும் குடுத்திருக்கவேணும், இன்ஸ்பெக்டர் வந்து பாக்கும்வரை அந்த இடத்தைக் கலைக்கவும் கூடாது. விபத்தை மறைச்சதுதான் இப்ப அவருக்கு விபத்தைவிடப் பெரிய பிரச்சினை. எக்ஸ்றே ரிப்போர்ட்டின்ர கொப்பி கட்டாயம் வாங்குங்கோ.

தொழில் அமைச்சுக்கு நீங்களே ஃபோன் அடிச்சும் சொல்லலாம், பேர் சொல்லாமலும் சொல்லலாம், தகவல் தந்தது ஆரெண்டு இன்ஸ்பெக்டர் வெளியில விடக்கூடாது எண்டு சட்டம். ஆனால் உண்மையைச் சொல்லவேணும், அந்தக் கராஜில ஒரே ஒரு கோ-ஒப் பிள்ளைதான் நிண்டதெண்டால் அவர் ஊகிப்பார். அப்பிடி ஊகிச்சு மகனைப் பழிவாங்கினாலும் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின்ர 50ஆம் பிரிவில அதுக்குத் தடை இருக்கு. என்ர எண்ணம், சொல்லத்தான் வேணும். அடுத்த செமஸ்டர் வேற ஒரு தாயின்ர பிள்ளை அதே இடத்தில வந்து நிக்கும்.

மகன் "அங்க போகமாட்டன்" எண்டு நிக்கிறதை ரீச்சர் குழப்படி மாதிரிப் பாக்கிறா போல கிடக்கு. பாதுகாப்பில்லாத வேலையை மறுக்கிறது அதே சட்டத்தின்ர 43ஆம் பிரிவில தொழிலாளிக்கு இருக்கிற உரிமை, கோ-ஒப் பிள்ளைக்கும் இருக்கு. என்ன காரணத்துக்குப் போகேல்ல எண்டதை ஈமெயிலில தெளிவா எழுதுங்கோ, சும்மா வராமல் நிண்டவன் எண்டு அட்டென்டன்ஸில விழக்கூடாது.

சனிக்கிழமை விசயம். ஒன்ராறியோ வேலைத்தரச் சட்டம் ஸ்கூல் போர்ட் அனுமதிச்ச வேலை அனுபவத் திட்டத்தில செய்யிற வேலைக்குப் பொருந்தாது, அதாலதான் ஸ்கூல் நாள் பின்னேர வேலைக்குச் சம்பளம் கேக்கேலாது. ஆனால் அந்த விலக்கு திட்டத்துக்குள்ள செய்யிற வேலைக்கு மட்டும். அக்ரீமென்டில எந்தெந்த நாள், எத்தினை மணிக்கு எண்டு எழுதியிருக்கும், சனிக்கிழமை அதில இல்லை, மணித்தியாலம் பதியிற கோ-ஒப் லொக்கிலயும் பதியேல்ல எண்டால் அந்த நாலு நாளும் அவன் சாதாரண வேலையாள், சம்பளம் குடுக்கவேணும் எண்டு வாதாட நல்ல இடமிருக்கு. 18 வயசுக்குக் கீழ, ஸ்கூல் நடக்கிற காலத்தில கிழமைக்கு 28 மணித்தியாலத்துக்கு மேல வேலை செய்யாத மாணவருக்கு 2025 ஒக்ரோபர் 1ல இருந்து மணிக்கு 16.60 டொலர், அதுக்கு முந்தின நாளெண்டால் அப்ப இருந்த றேட். தொழில் அமைச்சிட்ட கிளெய்ம் போட 2 வருசம் இருக்கு, அதால இதுக்கு அவசரமில்லை. மகனை இருத்தி ஞாபகமிருக்கேக்கயே திகதி, வந்த நேரம், போன நேரம் எழுத வையுங்கோ, ஃபோனில கூகிள் மப்ஸ் ரைம்லைன் ஓடியிருந்தால் அதுவும் சாட்சி. இன்னொண்டு, அக்ரீமென்ட் மணித்தியாலத்துக்கு வெளியில நிக்கேக்க கல்வி அமைச்சின்ர காப்புறுதி அவனை மூடாது, எந்த இடத்தில கோ-ஒப் செய்தாலும் இனிமேல் ஸ்கூலுக்குத் தெரியாமல் கூடுதல் நாள் போகவே விடாதேங்கோ.

இனி கிறெடிட். இதிலதான் உங்களைக் கூடுதலாப் பயமுறுத்தியிருக்கினம். மார்க்ஸ் போடுறது ரீச்சர், கராஜ்காரர் இல்லை. அவர் ஒரு அபிப்பிராயம் எழுதிக் குடுப்பார், அவ்வளவுதான், கோ-ஒப் கரிக்குலத்தில உள்ளதையும் மகன்ர லேர்னிங் பிளானையும் வைச்சு முடிவெடுக்கவேண்டியது ரீச்சர். ஒரு கிறெடிட் எண்டால் 110 மணித்தியாலம் எண்டுதான் கணக்கு, இதுவரைக்கும் செய்த மணித்தியாலம் காத்தில போறதில்லை, இடம் மாறினாலும் மிச்சத்தை அங்க செய்யலாம். கால் மாறும்வரைக்கும் இருந்து செய்யக்கூடிய வேலை உள்ள இடம் ஒண்டு கேளுங்கோ. பாதுகாப்பான இடம் தேடித் தாறது ஸ்கூலின்ர பொறுப்பு எண்டும் எழுதுங்கோ, பிள்ளைகளின்ர சுகத்தையும் வசதியையும் கவனமாப் பாக்கவேணும் எண்டு கல்விச் சட்டத்தில 265ஆம் பிரிவு பிறின்சிப்பலுக்குக் கடமையாவே போட்டிருக்கு.

ட்றொப் ஃபோர்மில மட்டும் இப்ப கையெழுத்து வைக்காதேங்கோ. கிறேட் 11, 12ல முதல் றிப்போர்ட் காட் வந்து 5 பாடநாளுக்குப் பிறகு கோர்ஸை விட்டால் ட்றான்ஸ்கிறிப்டில, அதாவது மார்க்ஸ் பதிவில, இடையில விட்டது எண்ட அர்த்தத்தில "டபிள்யூ" எண்டு மார்க்ஸோட விழும், யூனிவேர்சிட்டிக்குப் போறது அந்த ட்றான்ஸ்கிறிப்ட்தான். அந்த நாள் எப்ப எண்டு கைடன்ஸிட்டக் கேட்டு வையுங்கோ. வேற வழியே இல்லாமல் விடத்தான் வேணும் எண்டாலும் அந்தத் திகதிக்கு முதல் விடவேணும். முறைப்பாடு செய்தது ட்றான்ஸ்கிறிப்டில ஒரு இடமும் வராது, யூனிவேர்சிட்டிக்குத் தெரியப்போறதும் இல்லை. மகன்ர ஸ்டூடன்ட் றெக்கோட்டில ஏதும் பிழையா எழுதியிருப்பினமோ எண்டு சந்தேகமெண்டால் அதை எடுத்துப் பாக்க உங்களுக்கும் அவனுக்கும் உரிமை இருக்கு, பிழையெண்டால் திருத்தச் சொல்லி எழுதிக் கேக்கலாம், கல்விச் சட்டத்தின்ர 266ஆம் பிரிவு.

முறைப்பாட்டின்ர பாதை இப்பிடித்தான் போகும்: ரீச்சர், பிறகு பிறின்சிப்பல், பிறகு அந்த ஸ்கூலுக்குப் பொறுப்பான போர்ட் அதிகாரி, சூப்பரின்டென்டன்ட். ஒவ்வொரு தட்டிலயும் என்ன வேணும் எண்டு கேளுங்கோ, "நியாயம் வேணும்" எண்டு எழுதாதேங்கோ, "ஃபோர்ம் 7 அனுப்பின கொப்பி, புது இடம், இதுவரைக்கும் செய்த மணித்தியாலத்துக்கு எழுத்தில உறுதி, இத்தினையாம் திகதிக்குள்ள பதில்" எண்டு எழுதுங்கோ. முந்தி எண்டால் சனம் வோட்டுப்போட்டுத் தெரிவு செய்யிற போர்ட் உறுப்பினர், ட்றஸ்ரியிட்டப் போங்கோ எண்டும் சொல்லியிருப்பன், ஆனால் ரொறன்ரோ பொது போர்டையும் கத்தோலிக்க போர்டையும் 2025 ஜூன்ல மாகாண அரசு தன்ர மேற்பார்வைக்குக் கீழ எடுத்துப்போட்டுது, ட்றஸ்ரிமாரின்ர கையில அதிகாரம் இல்லாமல் போச்சு. போர்டுக்குள்ள ஏறி இறங்கியும் சரிவராட்டி அரச அமைப்புகள் மேல வாற முறைப்பாட்டை விசாரிக்கிற ஒன்ராறியோ ஒம்பட்ஸ்மன், 2015 செப்டெம்பர்ல இருந்து ஸ்கூல் போர்டுகள் மேல வாற முறைப்பாட்டையும் அவைதான் பாக்கினம், காசில்லை. போர்டின்ர முடிவை மாத்திற அதிகாரம் அவைக்கில்லை, ஆனால் அங்க இருந்து ஒரு கோல் போனால் கன ஃபைல் அசையிறதைப் பாத்திருக்கிறன்.

உங்கட மனுசனுக்கும் ரெண்டு வசனம். கூட்டாளி நல்ல மனுசனா இருக்கலாம், பயத்தில செய்திருக்கலாம். அவரிட்ட நேர போய், பிள்ளையின்ர காயத்தைச் சட்டப்படி பதியிறம், நீங்களும் ஒரு லோயரோட கதைச்சு தொழில் அமைச்சுக்கு நீங்களாவே அறிவியுங்கோ எண்டு சொல்லுறதுதான் கூட்டாளித்தனம். அவற்ற காசை மட்டும் வாங்காதேங்கோ, மருந்துச் செலவு எண்டு தந்தாலும் வேண்டாம், வாங்கிப்போட்டு வாய்மூடி இருந்தனீங்கள் எண்டு பிறகு அதுவே உங்களுக்கு எதிரா வரும்.

மகனுக்கு உங்களிட்டச் சொல்லாத விசயமும் இருக்கலாம், கத்தினது, ஏசினது மாதிரி. ரொறன்ரோவில ஜஸ்டிஸ் ஃபொர் சில்ட்றன் அன்ட் யூத் எண்டு 18 வயசுக்குக் கீழ உள்ளவைக்கு இலவசமாச் சட்ட உதவி செய்யிற கிளினிக் இருக்கு, அவன் தானே எடுத்துக் கதைக்கலாம், அவன் சம்மதிக்காமல் அவை உங்களிட்டக்கூடச் சொல்லமாட்டினம், அதை நீங்கள் தப்பா எடுக்காதேங்கோ. டபிள்யூ.எஸ்.ஐ.பி ஏதும் இழுத்தடிச்சால் யூனியன் இல்லாத தொழிலாளிக்கு உதவ ஒஃபிஸ் ஒஃப் த வேர்க்கர் அட்வைசர் இருக்கு, அதுவும் இலவசம். ஈமெயில் போட்டு நாலாவது வேலைநாளும் ஃபோர்ம் 7 பற்றி ஸ்கூல் ஒண்டும் சொல்லேல்லை எண்டால், டபிள்யூ.எஸ்.ஐ.பிக்கு நீங்களே அடிச்சு கிளெய்ம் நம்பர் வாங்கி, அந்த நம்பரைப் போட்டு சூப்பரின்டென்டன்டுக்கு அடுத்த ஈமெயிலை அனுப்புங்கோ.